ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: 2003 தொடரா, பிரதர்ஹுட்டா?

இந்த இரண்டு ஜப்பானிய அனிமேஷன் தொடர்களும் ஹிரோமு அராகாவாவின் மாங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) பிறந்தவைதான். எதில் தொடங்குவது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

நீளம்: பழையது 51 பகுதிகள், அதன்மேல் 2005-இல் வந்த ஒரு திரைப்படம், பிரதர்ஹுட் 64.

கதை: பழையதை எடுத்தபோது மாங்கா முடியவில்லை, பாதியில் தனிவழி பிடித்துவிடுகிறது. 2009-இல் தொடங்கிய பிரதர்ஹுட் மாங்காவின் முடிவுவரை செல்கிறது.

நடை: சிறுமி நீனாவும் அவளுடைய நாயும் வரும் இடத்தைப் பாருங்கள். பழைய தொடர் அவளோடு நம்மை நன்றாகப் பழகவிட்டு, பிறகு நெஞ்சைப் பிழிகிறது. பிரதர்ஹுட் நான்காம் பகுதியிலேயே அதை முடித்துவிட்டு ஓடுகிறது. இந்த ஓர் இடத்துக்காகவே எனக்குப் பழையது ஒரு படி மேல்.

வேகமும் சண்டையும் வேண்டுமென்றால் பிரதர்ஹுட். கனத்த சோகம் பிடிக்குமென்றால் 2003. வாசிப்பில் ருசி உள்ளவர்கள் 27 தொகுதி மாங்காவையே எடுக்கலாம்.