ஒரே தேயிலைச் சாயத்துக்கு இரண்டு அறிக்கைகள்: ஒரு கஃபீன் பரிசோதனைச் சேவை பற்றி

ஹட்டனில் நானும் மச்சானும் சேர்ந்து, குளிர்ந்த தேநீரை 250 மில்லிலீற்றர் போத்தலில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். கர்ப்பிணியான வாடிக்கையாளர் ஒருவர், ஒரு போத்தலில் எவ்வளவு கஃபீன் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவருக்குச் சரியான பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே, கண்டிப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தை நாடினோம். அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

அங்கே இரண்டு விதமான சேவை உண்டு. கட்டணம் குறைந்தது புற ஊதா நிறமாலைமானி முறை. ஏறக்குறைய இரு மடங்கு வாங்குவது, பொருட்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறை. சிக்கனம் பார்த்து முதலாவதையே தெரிவுசெய்தோம். ஐந்தாம் நாள் வந்த அறிக்கையில், 100 மில்லிலீற்றருக்கு 96 மில்லிகிராம் என்று இருந்தது. அப்படியானால் ஒரு போத்தலில் 240 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொல்லியிருக்கிறது. எங்கள் ஒரு போத்தலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது என்று மச்சானுக்கு முகம் வாடிவிட்டது.

எனக்கோ கணக்கு இடித்தது. நாங்கள் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் பி.ஓ.பி.எஃப். எனும் பொடித் தரக் கறுப்புத் தேயிலைத் தூள் போடுகிறோம். கறுப்புத் தேயிலையின் உலர் எடையில் கஃபீன் பொதுவாக 2 முதல் 4 வீதம் வரைதான் இருக்கும். 4 வீதம் என்றே வைத்து, அதில் ஒரு துளி விடாமல் சாயத்தில் இறங்கியதாகக் கொண்டாலும் 80 மில்லிகிராமுக்கு மேல் வர வழியில்லை. "மிஸ், தூளிலேயே இல்லாத கஃபீன் சாயத்தில் எப்படி வந்தது?" என்று ஆய்வுகூடத்துப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சேர், அடுத்த மாதிரியை நீங்களே கொண்டு வாங்க, நேரிலேயே பார்க்கலாம்" என்றார்.

விடயம் இதுதான். கஃபீன் 273 நானோமீற்றர் அளவிலான புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். கருவி அளப்பது அந்த உறிஞ்சலைத்தான். ஆனால் தேயிலைச் சாயத்தில் உள்ள பொலிபீனோல்களும் கல்லிக் அமிலமும் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சுகின்றன. ஆகவே சாயத்தை முதலில் குளோரோபோமிலோ டைகுளோரோமீதேனிலோ குலுக்கிக் கஃபீனைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே அளக்கவேண்டும். எங்கள் மாதிரியை வெறுமனே ஐதாக்கிக் கருவியில் வைத்துவிட்டார்கள். சாயத்தின் கறுப்பெல்லாம் கஃபீன் கணக்கில் ஏறிவிட்டது. நாங்கள் கேட்கும்வரை ஆய்வுகூடம் இதைச் சொல்லாதது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

இரண்டாம் தடவை எச்.பி.எல்.சி. சேவை. இதைப் பற்றிக் குறைசொல்ல அதிகமில்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோன சாயம், போய்ச் சேரும்போது பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. மலைநாட்டில் ஆறிய பிளேன்டீயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: கஃபீனும் தேயிலையின் நிறப்பொருட்களும் குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து கலங்குகின்றன. அந்த நிலையிலேயே வடித்திருந்தால் கஃபீனின் ஒரு பங்கு வடியிலேயே தங்கி, இம்முறை எண் குறைவாக வந்திருக்கும். அந்தப் பெண் போத்தலை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, சாயம் மறுபடி கண்ணாடிபோல் தெளியும்வரை காத்திருந்து, நன்றாகக் குலுக்கிய பின்னரே சிரிஞ்சில் எடுத்து, 0.45 மைக்ரோமீற்றர் வடியினூடாகச் சின்னஞ்சிறு குப்பியில் விட்டார். இந்தப் பொறுமைக்கே கூடுதல் கட்டணம் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறையில், நீரும் மெதனோலும் கலந்த கரைசல் மாதிரியை ஒரு குழாயினூடாகத் தள்ளிச்செல்ல, அதில் உள்ள பொருட்கள் வெவ்வேறு வேகத்தில் வெளியேறுகின்றன. ஒளி அளக்கப்படுவது அதன் பிறகுதான் என்பதால், ஒன்றின் கணக்கு மற்றொன்றில் ஏறுவதில்லை. திரையில் முதலில் சின்னச் சின்ன மேடுகள் வந்தன. பிறகு சிவனொளிபாதமலைபோல் கூராக ஒன்று தனியே எழுந்தது. அளவு தெரிந்த ஐந்து கஃபீன் கரைசல்களின் மேடுகளோடு அதை ஒப்பிட்டு வந்த எண் 100 மில்லிலீற்றருக்கு 44 மில்லிகிராம், போத்தலுக்கு 110. தேயிலைத் தூளுக்கான 2002ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 10727 நியமமும் எச்.பி.எல்.சி. முறையையே வகுத்திருக்கிறது.

அறிக்கைத் தாளில்தான் குறை. முறையின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பிழை எல்லை எவ்வளவு என்பது இல்லவே இல்லை. கேட்ட பின்னர் கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். தேநீர், கோப்பி போன்ற நிறமுள்ள பானங்களுக்கு இவர்களின் எச்.பி.எல்.சி. சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மலிவான சேவையை எடுப்பவர்கள், கஃபீனைப் பிரித்தெடுத்த பிறகுதான் அளப்பீர்களா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அறிக்கைக்குக் கட்டிய பணத்தை இரண்டாவதில் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள், பாதியைத்தான் கழித்தார்கள்.