ஸ்டாக்கிஸ்ட் ஆப்: நாலரை வருஷம் ஓட்டிய மெடிக்கல் கடைக்காரனின் அனுபவம்

குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப் திறக்கப்போகும் மச்சான் போன வாரம் போன் செய்தான். "இன்னா மச்சான், நீ ஆர்டர் போடுற ஸ்டாக்கிஸ்ட் எங்க ஊருக்கும் வராங்களாம். பில்லிங் சாஃப்ட்வேரும் அவங்களே ஃப்ரீயா போட்டுத் தராங்களாம். சேரட்டுமா?" கடையில் கூட்டம். "சேரு, சேரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாக்கிஸ்ட் என்றால் எங்களைப் போன்ற கடைகளுக்கு மருந்து விற்கிற மொத்த வியாபாரி. அவர்களிடம் ஆர்டர் போடுகிற ஆப் என்ன செய்யும் என்று தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பில்லிங்கில் சரக்கு குறைந்தால் ஷார்ட் லிஸ்ட், அதாவது வாங்க வேண்டியவற்றின் பட்டியல், தானாக ஏறும், ஓகே கொடுத்தால் ஆர்டர். ஒரு நாளைக்கு மூன்று டெலிவரி. என் கடை வேலூரில், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில். 2021 கொரோனா இரண்டாவது அலையில் ஆர்டர் எடுக்கிற பையன்கள் யாரும் வராதபோது வேறு வழியில்லாமல் சேர்ந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். பில் என்ட்ரி. முன்பெல்லாம் கடை சாத்திய பிறகு நானும் மனைவியும் பதினொன்றரை வரை உட்கார்ந்து, வாங்கிய சரக்கின் பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அவள் பேட்ச் நம்பர் படிப்பாள், நான் அடிப்பேன். 8-ஐ B என்று அடித்தால் ரிட்டர்ன் போகாது. எக்ஸ்பைரி வருஷத்தை ஒரு எண் தள்ளி அடித்தால் காலாவதியான மாத்திரை ஷெல்ஃபில் நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். இப்போது சரக்கு பெட்டி வாசலுக்கு வருவதற்கு முன்பே பில் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேட்ச், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி., வரி எல்லாம் சரியாக. எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம் முன்பே லிஸ்ட் வந்துவிடும், திருப்பி அனுப்பினால் பத்து நாளில் கிரெடிட் நோட், அதாவது அந்தப் பணத்தை நம் கணக்கில் வரவு வைத்த சீட்டு. பரண் மேல் வருஷக்கணக்கில் கிடந்த எக்ஸ்பைரி அட்டைப்பெட்டிகள் போய், அந்த இடத்தில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 நினைவிருக்கிறதா? மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆன நாள். 112 ரூபாய் மாத்திரையை 105-க்கு விற்க வேண்டும், பெட்டியில் பழைய விலைதான் அச்சாகியிருக்கிறது, வாங்குபவர் கையில் பேப்பர் செய்தி. மற்ற ஸ்டாக்கிஸ்ட்கள் வாட்ஸ்அப்பில் நாற்பது பக்கம் பி.டி.எஃப். அனுப்பினார்கள். ஆப்பில் வாங்கிய சரக்குக்கு எல்லாம் காலையில் கடை திறக்கும்போதே விலை மாறியிருந்தது. அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால் கோயில் கட்டலாம் என்று சொல்லியிருப்பேன்.

சரி. இப்போது அந்த தேடல் பெட்டி.

மருந்தின் மூலப்பெயரை அடித்தால் லிஸ்ட் வரும். அந்த லிஸ்டின் முதல் வரி எப்போதும் அவர்களுக்கு மார்ஜின் அதிகம் கிடைக்கிற பிராண்ட்தான். பச்சை நிறம், பக்கத்தில் 10+2 ஸ்கீம், பத்து வாங்கினால் இரண்டு இலவசம். நான் நாலரை வருஷமாக வாங்குகிற பிராண்ட் ஐந்தாவது, ஆறாவது வரியில் கிடக்கும். வயிற்று அமிலத்துக்கான பான்டோப்ரசோல் 40 என்று அடித்தால் ஒரு முறை இரண்டாவது பக்கத்துக்கே போய்விட்டது. அகர வரிசையில் போடு என்று எட்டு முறையாவது புகார் கொடுத்திருப்பேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும். அந்த நன்றியைப் பார்த்தாலே எனக்கு பி.பி. ஏறுகிறது. மாத்திரை கடையிலேயே இருக்கிறது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

தங்கை மகள் எம்.பி.ஏ. படித்தபோது ப்ராஜெக்ட்டுக்கு என் கடையைத்தான் எடுத்தாள். நான் இதைப் புலம்ப, "மாமா, இது அம்பது வருஷப் பழைய தந்திரம்" என்றாள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேபர் என்ற தன் டிக்கெட் கம்ப்யூட்டரை 1976-லிருந்து டிராவல் ஏஜென்ட் மேஜைகளில் கொண்டுபோய் வைத்ததாம். ஏஜென்ட்டுக்கு வேலை சுலபம். ஆனால் திரையில் தங்கள் விமானங்களை முதலில் வரும்படி வைத்துக்கொண்டார்கள். ஏஜென்ட் பெரும்பாலும் முதல் பக்கத்திலிருந்தே டிக்கெட் போட்டுவிடுவார். யாருக்குப் பக்கத்தைப் புரட்ட நேரம்? கடைசியில் 1984-ல் அமெரிக்க அரசே விதி போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. எனக்கு விதி போட யார் இருக்கிறார்கள்?

இதோடு விட்டிருந்தால் எரிச்சல் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு அம்மா கடைக்கு வந்தார். மகனுக்கு கிட்னி மாற்றியிருக்கிறார்கள். இந்தியாவில் முதன்முதலாக 1971-ல் கிட்னி மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்த ஊர் இது. டாக்ரோலிமஸ் சீட்டு என் சந்துக்குப் புதிதில்லை. மாற்றி வைத்த கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய மருந்து. ரத்தத்தில் அளவு கொஞ்சம் மாறினாலும் ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் பிராண்டை மாற்றவே கூடாது. சீட்டில் இருந்த பிராண்ட் ஆப்பில் சாம்பல் நிறம், ஸ்டாக் இல்லை. மேலே பச்சையில் வேறொன்று சிரித்தது. அதைக் கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அரைகுறை வங்காளியில் "நாளைக் காலையில்தான் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு கடை தள்ளி ஒரு பாய் கடை. அறுபத்தைந்து வயது, கம்ப்யூட்டர் கிடையாது, ஷார்ட் நோட்டும் லேண்ட்லைனும்தான். அந்த அம்மா அங்கே போயிருக்கிறார். பாய் நாலு இடத்துக்கு போன் போட்டு, லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன ஸ்டாக்கிஸ்ட்டிடம் பிடித்து, முக்கால் மணி நேரத்தில் வரவழைத்துக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உன் ஆப்புல இல்லன்னா ஊர்லயே இல்லன்னு அர்த்தமாப்பா?"

நானும் முன்பு அந்த லாங் பஜார் ஆளிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் போன் செய்தேன். "சார், உங்க கணக்கு மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே கேஷ்தான்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆப்பில் மாதம் இவ்வளவுக்கு மேல் வாங்கினால் ஒன்றரை சதவீதம் கூடுதல் தள்ளுபடி. அரசு விலை நிர்ணயித்த கட்டுப்பாட்டு விலை மருந்தில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் மார்ஜின் என்னும்போது ஒன்றரை என்பது சின்னத் தொகை இல்லை. அந்த அளவைத் தொடுவதற்காகவே ஏழு ஸ்டாக்கிஸ்ட்டை இரண்டாகக் குறைத்தேன். யாரும் என் கையைக் கட்டவில்லை.

இதைத்தான் தங்கை மகள் பரீட்சையில் எழுதினாளாம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி சாமான் விற்ற ஒரு பெரிய கம்பெனி, 1970-களிலேயே ஆஸ்பத்திரிகளின் கொள்முதல் அறையில் ஆர்டர் போடும் டெர்மினலை வைத்தது. ஆர்டர் போட சுலபமாக இருந்ததால் அவர்கள் அங்கேயே வாங்கினார்கள். வாங்க வாங்க அவர்களுடைய கோட் நம்பர், பழக்கம், கணக்கு எல்லாம் அந்த மெஷினோடு ஒட்டிக்கொண்டது. போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்தாலும் இதைப் பிய்த்துக்கொண்டு வர ஆள் சோம்பல்படுவான். என் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு என்ன லாபம் என்று யோசித்தால் அதே கதைதான். ஆர்டர் எடுக்கும் பையனுக்குச் சம்பளம் மிச்சம், ஆர்டர் போடுகிற வேலை என்னுடையது, தப்பு வந்தால் அதுவும் என்னுடையது. என் சந்தில் எந்த மருந்து எந்த மாதம் ஓடும் என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிகிறது. அதை வைத்து மருந்துக் கம்பெனியிடம் பேரம் பேசுவார்கள். நாலரை வருஷ கொள்முதல் கணக்கை மொத்தமாக இறக்கிக் கொடு என்று கேட்டேன். ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான் இறங்கும் என்றார்கள்.

மச்சானுக்கு வருகிறேன். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நாலரை கொடுப்பேன், மனசாட்சிப்படி. ஆனால் நீ சேராதே. முதல் இரண்டு வருஷமாவது வேண்டாம். நோட்டு போடு, குடியாத்தத்திலும் வேலூரிலும் ஆறேழு ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு நேரில் போய் நில்லு, பில்லைக் கையால் ஏற்று. கண் எரியும், ஏற்று. எவனிடம் என்ன கிடைக்கும் என்று தலையில் ஏறிய பிறகு வேண்டுமானால் சேர்ந்துகொள். சாஃப்ட்வேரை மட்டும் வேறு ஆளிடம் காசு கொடுத்து வாங்கு. அவர்கள் ஃப்ரீயாகக் கொடுப்பதைத் தொடாதே.

இதையே நேற்று போனில் சொன்னேன். "அப்ப நீ எப்ப விடப்போற?" என்று கேட்டான். லாங் பஜார்காரரிடம் கேஷுக்கு வாங்க ஆரம்பித்திருக்கிறேன், வாரம் ஒரு முறை, டாக்ரோலிமஸும் இன்னும் நாலைந்தும். அவ்வளவுதான் இப்போதைக்கு.

மணி எட்டு ஐம்பது ஆகிவிட்டது. ஒன்பதுக்கு ஆர்டர் மூடிவிடும். 41 அயிட்டம் ஓகேவுக்கு நிற்கிறது, போய்க் கொடுக்க வேண்டும்.