பிரேசர் மலையா, கோல சிலாங்கூரா?

ஜூன் லீவுல குருவி பாக்க எங்க போலாம்னு தங்கச்சி கேட்டா. கோலாலம்பூர்ல இருந்து பிரேசர் மலை, கோல சிலாங்கூர் ரெண்டுமே ஒரே நாள்ல போயிட்டு வரலாம், ஆனா என் ஓட்டு பிரேசர் மலைக்குத்தான். சுமார் 100 கிலோமீட்டர், கோல குபு பாரு டவுன் தாண்டுனா வளைவு மேல வளைவு, வயித்த கலக்கும், ஆனா 1200 மீட்டர் ஏறி கண்ணாடிய இறக்குனா அந்த குளிரே போதும்லா. சில்வர் இயர்ட் மெசியாங்கற குருவி ரோட்டோரத்துலயே கூட்டமா வரும், பச்சை உடம்பு மஞ்ச மூஞ்சி லாங் டெயில்ட் பிராட்பில்லும் இருக்கு. மலாயன் விசிலிங் திரஷ்தான் பெரிய பரிசு, தீபகற்ப மலேசியாவ விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது, விடியறதுக்கு முன்னாடியே ஓடை பக்கம் போய் நிக்கணும், நான் மூணு தடவ நின்னு வெறுங்கையோட வந்தேன்.

கோல சிலாங்கூர் இன்னும் கிட்ட, தரை சமம், அம்மாவும் நடக்கலாம். அலையாத்தி காட்டுல மாங்குரோவ் பிட்டாங்கற குருவி கத்தும், ஆள் மட்டும் லேசுல தெரியாது. கடல் தாண்டி வர்ற உள்ளான் பறவை கூட்டத்த நம்பி ஜூன்ல போகாதீங்க, அதெல்லாம் வடக்க போயிருக்கும், செப்டம்பருக்கு மேலதான். கொசு மருந்து மறந்தா செத்தோம்.