ஆயில் குடிக்காத இன்ஜின்

என்னிடம் இருக்கும் அதே பைக்கை வாங்க முன்பணம் கட்டவிருக்கும் நண்பர் ஒருவர், "முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டவே கூடாதாமே?" என்று கேட்டார். எனக்கு வண்டியைக் கொடுத்தபோதும் இதையேதான் சொல்லி அனுப்பினார்கள். அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. மைலேஜ், பவர், சீட்டின் உயரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

நாற்பது என்ற எண் இன்ஜினுக்கு எதையும் சொல்வதில்லை. முதல் கியரில் நாற்பது என்றால் இன்ஜின் அலறும்; டாப் கியரில் நாற்பது என்றால் திணறும். புது இன்ஜினுக்கு இரண்டுமே ஆகாது. கவனிக்க வேண்டியவை இன்ஜினின் சுற்றும் (நிமிடத்துக்கு அது எத்தனை முறை சுழல்கிறது என்பது) அது இழுக்கும் பாரமும்தான்.

சிலிண்டரின் உட்சுவரை ஆலையில் வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் செய்து, ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய கீறல்களைப் போட்டு அனுப்புகிறார்கள். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில்தான். அவற்றின் கூர்முனைகள் தேய்ந்துதான் பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங் சுவரோடு பொருந்துகிறது. ரிங்குக்கு உள்ள சொந்த விறைப்பு மிகக் குறைவு. எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து வெளிப்பக்கம் தள்ளும்போதுதான் அது சுவரை இறுக்கமாகப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் வர வேண்டுமானால் த்ராட்டிலைத் திருக வேண்டும். பயந்து பயந்து ஓட்டினாலோ, நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டாலோ ரிங் சுவர்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஆயில் கருகிச் சுவரில் பளபளவென்று படியும். பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங் எளிதில் பொருந்தாது. ஆயில் மேலேறி எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் செய்து புது ரிங் போடுவதுதான் அதற்கு உறுதியான வைத்தியம். சிறு விமானங்களுக்கு பிஸ்டன் இன்ஜின் செய்யும் லைகாமிங் நிறுவனம், புதிய இன்ஜினை 65 முதல் 75 சதவீத பவரில் ஓட்டும்படி சொல்வதும் இதே காரணத்தால்தான்.

நான் பழக்கிய முறையைச் சொல்கிறேன். கையேட்டில் போட்டிருந்த சுற்று வரம்பை ஒருநாளும் மீறவில்லை. கிளம்பியதும் இன்ஜின் சூடாகும்வரை மென்மையாக ஓட்டுவேன். பிறகு மூன்றாம், நான்காம் கியர்களில் நடுத்தரச் சுற்றிலிருந்து பாதி த்ராட்டிலுக்குச் சற்று மேலே திருகி இழுக்கவிடுவேன். வரம்பை நெருங்குமுன் த்ராட்டிலை முழுதாக மூடி, பிரேக் தொடாமல் வேகம் தானாகக் குறையும்படி விடுவேன். மூடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலைச் சற்று மேலே இழுத்து, தேய்ந்த துகள்களைக் கழுவி இறக்கும். மீண்டும் திருகுவேன், மீண்டும் மூடுவேன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதை மட்டும் அந்த நாள்களில் தவிர்த்தேன்.

தயாரிப்பாளர்களின் எச்சரிக்கை வெறும் பயமுறுத்தல் என்று சொல்ல மாட்டேன். பேரிங்குகளும் கியர் பற்களும் பொருந்துவதற்கு அவகாசம் வேண்டும்; புது டயருக்கும் பிரேக் பேடுக்கும்கூட அப்படித்தான். இப்போது பல ஆலைகளில் கீறல்களின் முனைகளை முன்கூட்டியே மழுக்கிவிடுவதால் பழைய இன்ஜின்கள் அளவுக்கு ஆபத்தும் இல்லை. கையேட்டில் தெளிவாக இருப்பதை ஒற்றை எண்ணாகச் சுருக்கி வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதைவிடக் கோபம் முதல் சர்வீஸில் வந்தது. "ஆயிலை மட்டும் மாற்றுகிறோம், ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். இந்த வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். இரண்டிலும் தேய்ந்த உலோகம் சேரும் இடம் அந்த ஃபில்டர். நின்று வாதாடித்தான் மாற்ற வைத்தேன். வடித்த ஆயிலைத் தட்டோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக்குள் வெள்ளித்தூள் மிதந்து மின்னியது. அடுத்த சர்வீஸில் வடித்த ஆயிலில் அந்த மினுக்கம் அநேகமாக இல்லை.

அதற்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் கடந்த பிறகும், ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியில் கோடு இறங்குவதே இல்லை. வண்டியை நிமிர்த்திப் பிடித்துக் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் துளிப் புகை கிடையாது.

ஆனால் நடுச்சுற்றில் கைப்பிடியில் வரும் அதிர்வு முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். ரிங் பொருந்துவதால் அதிர்வு போகாது. அது ஒற்றை சிலிண்டரின் அமைப்பிலிருந்தே வருவது. அரைமணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன.

ஆகவே நண்பரே, இந்த இன்ஜினுக்கு முழு மதிப்பெண் போடுவேன். வண்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த அதிர்வோடும் அந்த சர்வீஸ் சென்டரோடும் இன்னொரு முறை மல்லுக்கட்ட எனக்கே விருப்பமில்லை. வாங்கியே தீருவேன் என்றால், நாற்பதை மறந்துவிட்டுக் கையேட்டில் உள்ள சுற்று வரம்பைப் படியுங்கள். முதல் சர்வீஸில் ஃபில்டரை உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள்.