திருகோணமலை வீல்செயார் முகாம்: அளவெடுப்புக்கு முழுப் புள்ளி, அதற்குப் பிறகு நடப்பதற்குப் பாதிப் புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தொண்டர்கள் இங்கே வந்து நடத்திய முகாமில் என் மகளுக்குக் கிடைத்த வீல்செயார், இதுவரை அவள் இருந்த எல்லாவற்றிலும் நல்லது. ஆனாலும் குறையும் சொல்லத்தான் போகிறேன். இலவசமாகத் தந்ததைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், காலையிலிருந்து மாலைவரை அதில் இருப்பது பிள்ளை, நீங்கள் இல்லை. குழுவின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இப்படி வந்து போகிற எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

மகளுக்கு வயது ஒன்பது, மூளைவாதம். கழுத்து நிற்காது, உடம்பு இறுகும், இடப்பக்கம் சாய்வாள். முன்பு எங்களிடம் இருந்தது ஆஸ்பத்திரி வாசலில் நிற்குமே, அந்த மடக்குக் கதிரை, பெரியாட்கள் அளவு, இருக்கை 18 அங்குல அகலம். யாரோ நல்ல மனதோடு தந்தது, அதை மறக்கவில்லை. ஆனால் அந்த வகையில் இருக்கைத் துணி நாள்போகத் தொய்ந்து நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரியும், இடுப்பு சரிந்தால் முதுகெலும்பு வளையும், பிள்ளை வழுக்கி முன்னுக்கு வரும், நாங்கள் இரண்டு பக்கமும் தலையணையை அடைத்து சால்வையால் கட்டிவைப்போம். இந்த மாவட்டத்தில் இப்படித் தலையணைக்கு நடுவில் வளர்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேடை போட்டு, மாலை போட்டு, படம் எடுத்துக் கொடுக்கிற கதிரைகளில் அனேகமானவை இந்த வகைதான். பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்த முகாமில் பிள்ளையைத்தான் முதலில் பார்த்தார்கள். கதிரைகள் எல்லாம் அந்தப் பக்கம் வரிசையாக நிற்க, எங்களை ஒரு பாய்க்குக் கூட்டிப்போனார்கள். மகளைப் படுக்கவைத்து, இடுப்பு எவ்வளவு மடிகிறது, முழங்கால் எவ்வளவு நீளுகிறது, இடுப்பெலும்பு நேராக வருமா, வராவிட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு பிசியோ அம்மா (இயன்மருத்துவர்) மெதுவாகப் பார்த்தார். அவசரமே இல்லை. பிள்ளை இறுகினால் கையை எடுக்காமல் அப்படியே பொறுத்திருந்து, தளர்ந்த பிறகு தொடர்ந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மகளை ஒரு வாங்கின் விளிம்பில் இருத்தி, ஒருவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடிக்க, இன்னொருவர் விலாப் பக்கம் கை கொடுக்க, மூன்றாமவர் தலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, எந்தக் கையை எடுத்தால் விழுகிறாள், எந்தக் கையை எடுத்த பிறகும் விழாமல் இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கை தேவைப்பட்ட இடத்தில் பிறகு கதிரையில் ஸ்பொஞ்ச் வந்தது, பலகை வந்தது, பெல்ட் வந்தது. தேவைப்படாத இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. இத்தனை வருடம் எங்களுக்கு யாரும் இதைச் செய்து காட்டவில்லை.

அளவு எடுப்பதிலும் கணக்கு உண்டு. இடுப்பு அகலம், பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரை, முழங்காலிலிருந்து குதிக்கால் வரை, பிறகு முதுகு உயரம். இருக்கையின் ஆழத்தைத் தொடை நீளத்தை விடக் கொஞ்சம் குறைத்துத்தான் வைக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி, பிள்ளை தானாகவே முன்னுக்கு வழுக்கும். எங்கள் பழைய கதிரையில் நடந்தது அதேதான்.

மெக்கானிக் தாத்தாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மின்சாரக் கத்தியால் ஸ்பொஞ்ச் வெட்டுவார், பிள்ளையை இருத்திப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி எடுத்துக்கொண்டு போய் வெட்டுவார். கலியாணச் சட்டைக்குத் தையல்காரர் இத்தனை தரம் போட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. கடைசியில் பிசியோ அம்மா மகளின் இருக்கை எலும்புக்குக் கீழே விரல்களை விட்டு அசைத்துப் பார்த்தார். விரல்நுனி மேலும் கீழும் 5 மில்லிமீற்றராவது அசைந்தால் சரி, இறுகி நின்றால் அந்த இடத்தில் புண் வரும். இது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை, நானும் பழகிக்கொண்டேன், புது மெத்தை எது போட்டாலும் நீங்களும் செய்து பாருங்கள்.

வீட்டில் பலன் தெரிந்தது சாப்பாட்டு நேரத்தில். முன்பு தலை பின்னுக்குப் போய்விடும், சோறு புரைக்கேறும், ஒரு கோப்பை முடிய ஒரு மணித்தியாலம். இப்போது தாடை கொஞ்சம் கீழே இறங்கி இருப்பதால் விழுங்குவது லேசு. கண்ணும் நேராகப் பார்க்கிறது. படலைக்கு வெளியே போகிற மாட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் மொழிபெயர்க்க வந்திருந்தார்கள், அதுவும் பெரிய உதவி. "அக்கா, அவங்கள் சொல்றது உங்களுக்கு விளங்கினதா, நீங்களே ஒருக்கா பெல்ட்டைக் கழட்டிப் பூட்டிக் காட்டுங்கோ" என்று என்னைக்கொண்டு செய்விக்காமல் விடவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் படம் எடுக்கவேண்டாம் என்றேன், உடனே கமராவைக் கீழே வைத்தார்கள். பலூன் கொடுத்தது மட்டும் சரிவரவில்லை. ஒன்று வெடித்தது, சத்தத்துக்கு அரைவாசிப் பிள்ளைகள் விறைத்துப்போனார்கள். மூளைவாதப் பிள்ளைகள் உள்ள இடத்தில் பலூன் வேண்டாம்!

கதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் படித்தேன். இந்த வேலையில் பல வழிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1994 முதல் இயங்கும் வீல்ஸ் ஃபோர் த வேர்ல்ட், பாவித்த வீல்செயார்களைச் சேர்த்து, சிறைக் கைதிகளைக்கொண்டு திருத்தி, பிசியோக்களையும் தொண்டர்களையும் நாடு நாடாக அனுப்பிப் பொருத்துகிறது. 2001இல் தொடங்கிய ஃபிறீ வீல்செயார் மிஷன், வெள்ளைப் பிளாஸ்டிக் தோட்டக் கதிரைக்குச் சில்லுப் பூட்டி மலிவாகப் பெருந்தொகையில் கொடுத்தது, அப்புறம் அளவு மாற்றக்கூடிய மாதிரிகளையும் கொண்டுவந்தது. கை நன்றாக வேலை செய்கிற பெரியவருக்கு அந்தப் பிளாஸ்டிக் கதிரை வீட்டைவிட்டு வெளியே வர வழி, என் மகள் மாதிரிப் பிள்ளைக்கு அது போதாது. இங்கிலாந்தில் 1991இல் தொடங்கிய மோட்டிவேஷன், அந்தந்த நாட்டுக்காரருக்கே கதிரை செய்யவும் பொருத்தவும் பயிற்சி கொடுக்கும் வழியைப் பிடித்தது. எனக்கு இந்தக் கடைசி வழியில்தான் நம்பிக்கை.

ஏனென்று சொல்கிறேன். கதிரை வந்த சில மாதத்திலேயே மகள் வளர்ந்துவிட்டாள், கால் மிதியைக் கீழே இறக்கவேண்டி வந்தது, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மாற்றுவதற்கு இடம் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் நட்டு போல்ட் எல்லாம் அங்குல அளவு, எங்கள் பக்கத்து சைக்கிள் கடையில் இருக்கிற அலன் கீ (போல்ட் கழற்றும் ஆறுபட்டைச் சாவி) ஒன்றும் பொருந்தவில்லை. குழு விமானம் ஏறியாகிவிட்டது. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அன்பாகப் பதில் வருகிறது, ஆனால் அன்பு நட்டைக் கழற்றாது. கடைசியில் முகாமில் அவர்களோடு நின்று பழகிய உள்ளூர் பிசியோ ஒருவர்தான் எங்கோ கீ தேடிக்கொண்டு வந்து சரிசெய்து தந்தார். அவர் அன்றைக்கு அங்கே நிற்காவிட்டால் மறுபடியும் தலையணைதான்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வீல்செயார் வழிகாட்டியில், பொருத்தமான கதிரை எது என்று எழுதியிருக்கிறார்கள். ஆளின் தேவைக்கும் அவர் வாழும் இடத்துக்கும் ஏற்றதாக, உடம்புக்கு அளவாக, பாதுகாப்பாக இருப்பதோடு, அந்த நாட்டிலேயே பராமரிக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அதே வழிகாட்டி சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது, எட்டாவது படி பின்தொடர்ந்து பார்ப்பதும் திருத்துவதும். வந்தவர்கள் ஏழு படிகளை அழகாகச் செய்தார்கள்.

இடத்துக்கு ஏற்றதா என்றால், அதுவும் பாதிதான். முன்சில்லு சின்னது, கட்டி ரப்பர். உவர்மலைத் தார் றோட்டில் வழுக்கிக்கொண்டு போகும், சாம்பல்தீவுப் பக்கம் மணலில் இறக்கினால் புதைந்து நிற்கும், பின்னுக்குச் சாய்த்துப் பின்சில்லில்தான் இழுக்கவேண்டும். பாரமும் அதிகம், ஓட்டோவில் ஏறாது, கிளினிக்குக்கு வான் பிடிக்கவேண்டும். வெருகலிலிருந்து வந்த ஒரு தாய் இதைப் பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுபோய் நான் எங்க தங்கச்சி உருட்டுறது" என்று கேட்டார், நியாயமான கேள்வி. அவருக்குச் சின்னதாக, மடக்கக்கூடிய ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள், அதனால் கேட்கத் தயங்கவேண்டாம். கடற்காற்றுக்கு இரும்பு நட்டுகள் ஏற்கெனவே கறள் பிடித்துவிட்டன, கொஞ்சம் கிறீஸ் தடவிவைக்கிறேன். பின்சில்லு ரியூப் ஓட்டையானபோது சைக்கிள் கடைத் தம்பி சிறுவர் சைக்கிள் ரியூப் ஒன்றைப் போட்டுச் சரிக்கட்டினார்.

அளவெடுத்துப் பொருத்தியதற்கு 5க்கு 5, கதிரைக்கு 4, பிறகு கவனிப்பதற்கு 2. மறுபடி வந்தால் போவேன், உங்களையும் போகச் சொல்வேன். போகிறவர்கள் வீட்டு வாசல், கக்கூஸ் கதவு, படி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கதவின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். பழைய கதிரையையும் கொண்டுபோங்கள், அதில் பிள்ளை எப்படிச் சரிகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். புறப்படுமுன் அந்தக் கதிரைக்குரிய கீ முழுவதையும் கேட்டு வாங்குங்கள், உள்ளூரில் யாரிடம் காட்டவேண்டும் என்று பெயரும் நம்பரும் எழுதி வாங்குங்கள். இருக்கை உறை ஒன்றுதான் தருவார்கள், இரண்டாவது கேளுங்கள், மாரி மழை தொடங்கினால் கழுவிப்போட்ட உறை இரண்டு நாளுக்குக் காயாது.