குழந்தையின் விரிந்த கண்மணி: ஒரே தோற்றம், மூன்று நோய்கள்

கைக்குழந்தையின் கண் நடுவே கறுப்பு மட்டும்தான் தெரிகிறது, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை என்றால் பலர் வாயிலும் முதலில் வருவது அனிரிடியா, அதாவது ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) இல்லாத கண். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் அதே தோற்றத்தில் இன்னும் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அனிரிடியாவில் ஐரிஸ் துளியும் இல்லாமல் போவது அபூர்வம். ஓரத்தில் அடிக்கட்டை போலக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கண்ணின் உள்விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோபியில் அது தெரியும். காரணம் 11ஆம் குரோமோசோமில் உள்ள பாக்ஸ்6 மரபணு. கண் உருவாவதற்கே அது அடிப்படை என்பதால் கோளாறு ஐரிஸோடு நிற்பதில்லை. விழித்திரையின் மையக்குழி சரியாக அமையாது, கண்கள் ஆடிக்கொண்டே இருக்கும், அப்புறம் கண்புரை, கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கார்னியா (கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலம்) மங்கல். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பெற்றோரில் ஒருவரிடமும் இது இருக்கும். அதனால் அப்பா, அம்மா இருவரையும் ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) உட்கார வைத்துப் பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை.

கில்லெஸ்பி நோய்க்குறியில் கண்மணியின் விளிம்பு வளைவு வளைவாக வெட்டியதுபோல இருக்கும். அங்கங்கே மெல்லிய இழைகள் லென்ஸ் மேல் நீளும். குழந்தை துவண்டு கிடக்கும், நடை தள்ளாடும். சிறுமூளையைப் பாதிக்கும் இந்த நோய்க்குப் பொறுப்பு ஐடிபிஆர்1 மரபணு.

மூன்றாவதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. ஏசிடிஏ2 மரபணுப் பிழையால், அது உருவாக்கும் புரதத்தில் 179ஆம் இடத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறிப்போகும் நோய். இதில் ஐரிஸ் இருக்கிறது. கண்மணியைச் சுருக்கும் தசைதான் வேலை செய்வதில்லை. கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்து விட்டாலும் கண்மணி அசையாது. இதே வழவழத் தசைதான் ரத்தக் குழாய், குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே பிறந்ததுமே இதயத்தருகே மூட வேண்டிய குழாய் மூடாமல் இருக்கும், சிறு வயதிலேயே பெருந்தமனி வீங்கும், பக்கவாதம்கூட வரலாம். பெரும்பாலும் மரபணு மாற்றம் குழந்தையிடம்தான் புதிதாகத் தோன்றுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நிம்மதியடைய முடியாது. கண் ஆடவில்லை, விழித்திரை மையம் நன்றாக இருக்கிறது, ஆனால் கண்மணி விரிந்தே நிற்கிறது என்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், மூளை ரத்தக் குழாய்களுக்கு எம்ஆர் ஆஞ்சியோ (எம்ஆர்ஐ வழி ரத்தக் குழாய்ப் படம்), இரண்டையும் மரபணு முடிவுக்குக் காத்திராமல் செய்துவிட வேண்டும்.

(கண்மணி ஓரமாக நகர்ந்தோ, ஐரிஸில் கூடுதல் ஓட்டைகளோ இருந்தால் அது வேறு கதை. ஆக்ஸன்ஃபெல்ட்-ரீகர் நோய்க்குறியா என்று யோசித்து, அதில் பாதிக்கப்படக்கூடிய பல்லையும் தொப்புளையும் பாருங்கள்.)

சரி, எந்த மரபணுச் சோதனை? பாக்ஸ்6-ஐ மட்டும் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு 'நார்மல்' என்று வந்தால் போதாது. மரபணுவின் ஒரு துண்டு மொத்தமாகக் காணாமல் போயிருந்தால் அது தப்பிவிடும். அதற்கு, காணாமல் போன துண்டுகளைக் கண்டுபிடிக்கும் மைக்ரோஅரே அல்லது எம்எல்பிஏ சோதனை வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத அனிரிடியா என்றால் எனக்கு மைக்ரோஅரேதான் முதலில். பக்கத்திலுள்ள டபிள்யூடி1 மரபணுவும் சேர்ந்து போயிருந்தால் அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வருகிறது. மைக்ரோஅரே முடிவு தெரியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். டபிள்யூடி1 பத்திரமாக இருக்கிறது என்று உறுதியானால் அதை நிறுத்திக்கொள்ளலாம்.