தினமும் தார்ச்சாலை, எப்போதாவது மண் பாதை: 24,000 கிலோமீட்டர் ஓடிய ஆல்-டெரைன் டயர்கள்

என் காரின் நான்கு டயர்களையும் ஆல்-டெரைன் வகைக்கு, அதாவது தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான வகைக்கு மாற்றி 16 மாதங்கள் ஆகின்றன. அவை இதுவரை 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அதில் பெரும்பகுதி வேலைக்குப் போய்வரும் நல்ல தார்ச்சாலை. மாதத்தில் இரண்டு முறை மட்டும் ஒரு மண் பாதையில் போகவேண்டியிருக்கிறது. போக 14 கிலோமீட்டர், வர 14 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் மொத்த ஓட்டத்தில் மண் பாதையின் பங்கு நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்தச் சிறு பங்குக்காக மீதி ஓட்டத்தின் அமைதியையும் மைலேஜையும் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் டயர் வாங்கப் போனபோது எனக்கு இருந்த கேள்வி. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதுகிறேன். எந்த நிறுவனத்தின் டயர் என்பதைவிட எந்த வகை, உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதே இங்கு முக்கியம் என்பதால் அதை ஒட்டியே பேசுகிறேன்.

காரோடு வந்த டயர்கள் சாதாரண ஹைவே வகை. அவற்றின் மீது தார்ச்சாலையில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஒரு நாள் மண் பாதையில் எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஓரமாக ஒதுங்கியபோது, புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு கூர்மையான கல் முன்பக்க டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது ரிம்முக்குச் சற்று மேலே, கட்டைவிரல் நீளத்துக்குக் கத்தியால் கீறியது போன்ற ஒரு வெட்டு. உள்ளிருக்கும் நூலிழைகள் வெளியே தெரிந்தன. சாலையைத் தொடும் ஓடுதளத்தில் ஆணி குத்தியிருந்தால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். பக்கச்சுவரோ சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும் பகுதி என்பதால் அங்கே எந்த ஒட்டும் நிலைக்காது. பாதிக்குமேல் பட்டன் (ஓடுதளத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) மிச்சமிருந்த அந்த டயரைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத ஒல்லியான தற்காலிக வகை. அதை மாட்டிக்கொண்டு மீதிப் பாதையை நடைவேகத்தில் கடந்து வந்தேன்.

மண் பாதை என்றதும் நாம் எல்லோரும் டயரின் பட்டனைத்தான் பார்க்கிறோம். பட்டன் எவ்வளவு பெரியது, இடைவெளி எவ்வளவு ஆழமானது என்று விரலை விட்டுப் பார்ப்போம். என்னை நடுவழியில் நிறுத்தியது பட்டன் இல்லை, பக்கச்சுவர். மாதம் இரண்டு முறை மண்ணில் இறங்குகிற காருக்கு இழுவை போதாமல் போவது அபூர்வம். வண்டி சிக்கினாலும் யாரையாவது கூப்பிட்டுத் தள்ளிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரே போய்விடுகிறது. ஆகவே என் தேடலை அங்கிருந்தே தொடங்கினேன்.

இன்றைய கார் டயர்கள் ஏறத்தாழ எல்லாமே ரேடியல் கட்டமைப்பு கொண்டவை. 1946-இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற இந்த முறையில், உள்ளிருக்கும் நூலிழைகள் ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்காக நேரே ஓடுகின்றன. ஓடுதளத்தின் அடியில் மட்டும் எஃகுப் பட்டைகள் சுற்றிவருகின்றன. பக்கச்சுவர் மெல்லியதாக, எளிதில் வளைவதாக இருப்பதால்தான் ரேடியல் டயர் சொகுசாக ஓடுகிறது, சூடு குறைகிறது, நீண்டநாள் உழைக்கிறது. கூர்மையான கல்லுக்கு முன்னால் அந்த மெல்லிய சுவர்தான் பலவீனம். அதற்குள் எத்தனை அடுக்கு நூலிழை இருக்கிறது என்பது பல டயர்களில் வெளியிலேயே சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நான் செல்பேசி விளக்கை அடித்து, முழங்காலிட்டு, என் பழைய டயரில் ரிம் ஓரமாக இருந்ததைப் படித்தேன்: ஓடுதளத்தில் 1 பாலியெஸ்டர், 2 எஃகு, 1 நைலான், பக்கச்சுவரில் 1 பாலியெஸ்டர். அதாவது வெளியுலகுக்கும் உள்ளிருக்கும் காற்றுக்கும் நடுவே ரப்பரும் ஒற்றை அடுக்கு நூலும் மட்டுமே இருந்தன. இந்த ஒரு வரியை முன்பே படித்திருந்தால் அன்று ஓரம் ஒதுங்கும்போது இன்னும் கவனமாக இருந்திருப்பேன்.

கடைகளில் பொதுவாக மூன்று வகை டயர்களைக் காட்டுவார்கள். ஹைவே வகை தார்ச்சாலைக்காகவே செய்யப்பட்டது. பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், புதிதாக இருக்கையில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சேற்று வகையில் பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் இருக்கும். சேற்றில் அதற்கு இணை கிடையாது, ஆனால் தினமும் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆல்-டெரைன். இந்த ஒரே பெயருக்குள் இரண்டு மிகவும் வேறுபட்ட டயர்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைத்தான் வாங்குவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, லைட் டிரக் கட்டமைப்பு கொண்டது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்துகள் இருக்கும். பக்கச்சுவரில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அடுக்கு இருக்கும், பாரமானது, விறைப்பானது, அதே எடையைத் தாங்கக் கார் டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். பாரம் ஏற்றும் பிக்கப்புக்கும் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) வைத்த பெரிய வண்டிக்கும் அது பொருந்தும். என்னுடையது போன்ற நடுத்தர எடையுள்ள காரில் மாட்டினால் சிறு மேடு பள்ளம்கூட முதுகில் தெரியும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். மற்றொன்று, சாதாரணக் கார் டயரின் எடையிலும் அழுத்தத்திலும் செய்யப்பட்டு, ஓடுதளத்தில் மட்டும் சற்றுத் திறந்த பட்டன்களும் ஓடுதளமும் பக்கச்சுவரும் சேரும் தோள் பகுதியில் கூடுதல் ரப்பரும் கொண்டது. இதைச் சாந்தமான ஆல்-டெரைன் என்று சொல்லலாம். இந்த இரண்டாவது வகையில், பக்கச்சுவரில் 2 பாலியெஸ்டர் என்று பொறித்திருந்த ஒன்றைத் தேடி வாங்கினேன். கடையில் இருந்தவர் மூன்று மாதிரிகளை எடுத்து வைத்தார். பார்வைக்கு மிக முரட்டுத்தனமாக இருந்த மாதிரியில்தான் ஓரடுக்குச் சுவர் இருந்தது. தோற்றத்தை நம்பியிருந்தால் அதைத்தான் எடுத்து வந்திருப்பேன்.

அளவை மாற்றவில்லை. 215/65 ஆர்16 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம்), சுமைக் குறியீடு 98. அதாவது ஒரு டயர் 750 கிலோ வரை தாங்கும். ‘ஒரு சைஸ் கூட்டிப் போடுங்கள், வண்டி உயரமாகும்’ என்ற யோசனை எனக்கும் வந்தது. 225/70 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் 686 மில்லிமீட்டரிலிருந்து 721 ஆகும். விட்டத்தில் பாதிதான் உயரமாக மாறும் என்பதால் தரையிலிருந்து கிடைப்பது 18 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு விலையாக, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் மட்கார்டின் உள்பக்கம் உரசவும் கூடும். விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது. இதே காரின் உயர் மாடலில் வரும் 17 அங்குலச் சக்கரத்துக்கு மாறுவதும் மண் பாதைக்குப் பாதகமே. மொத்த விட்டம் ஏறத்தாழ அதேதான், பக்கச்சுவரின் உயரம் மட்டும் 140 மில்லிமீட்டரிலிருந்து 129 ஆகக் குறைந்து, பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

இனி, ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை.

முதலில் கவனித்தது ஓசை. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரு மெல்லிய ரீங்காரம் தொடங்கி 80 வரை கூடுகிறது. அதற்குமேல் காற்றின் இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. முதல் வாரம் அது காதை விட்டு அகலவில்லை. இப்போது உடன் வருபவர் சொன்னால்தான் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு டயரும் 9.7 கிலோவிலிருந்து 11.6 கிலோவாகக் கூடியிருக்கிறது. இந்தக் கூடுதல் எடையையும் பட்டன்களின் நெகிழ்வையும் எஞ்சின்தான் இழுக்க வேண்டும். லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர் கிடைத்த இடத்தில் இப்போது 16.5 கிடைக்கிறது. என் ஓட்டத்துக்கு இது மாதம் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவான கூடுதல் செலவு. இதை மனமறிந்து ஏற்றுக்கொண்டேன். ஏற்க முடியாதவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உண்மையாகவே என்னை யோசிக்கவைப்பது மழைநாளின் பிரேக். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி கூடும்போது சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. வெட்டுப்படாமலும் பிய்யாமலும் இருக்கச் சேர்க்கும் கடினமான ரப்பர் கலவை ஈரத்தில் ஒட்டுவது சற்றுக் குறைவு. ஆழமான பள்ளங்கள் தேங்கிய நீரை நன்றாகவே வெளியேற்றுகின்றன. சிக்கல், மழை தூறி வழவழப்பான தார்ச்சாலையில்தான். அங்கே அழுத்திப் பிடித்தால் பழைய டயர்களைவிட முன்னதாகவே ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்குவதைப் பெடலில் உணர்கிறேன். அதனால் மழையில் முன்செல்லும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன். ஒரே அளவில் இரண்டு ஆல்-டெரைன் டயர்கள் கண்ணில் பட்டால், எதற்கு ஈரச்சாலைப் பிடிப்பு மேல் என்பதை வைத்து முடிவெடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில், 2021 மே மாதம் முதல் இதற்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள் உள்ளன. அந்த லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் ஒப்பிடுவது எளிது. எம்+எஸ் என்ற குறியைக் காட்டி ‘சேற்றுக்கும் பனிக்கும் சோதித்தது’ என்று சொன்னால் நம்பவேண்டாம். அது பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறிதான் பனியில் உண்மையான இழுவைச் சோதனைக்குப் பின் தரப்படுவது. அதற்கும் சேற்றுக்கும் தொடர்பில்லை.

மண் பாதையில் வித்தியாசம் கண்கூடு. தளர்ந்த சரளை மேட்டில் முன்சக்கரம் வெறுமனே சுற்றிய இடங்களில் இப்போது வண்டி நிதானமாக ஏறுகிறது. மழை பெய்த மறுநாள் மேல்மண் குழைந்திருக்கும்போதும் போய்வந்திருக்கிறேன். ஆழமான சேற்றில் இந்தப் பட்டன்கள் சீக்கிரமே நிரம்பி வழுவழுப்பாகிவிடும் என்பதால் அங்கே இறங்குவதில்லை. பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, 33 பி.எஸ்.ஐ. காற்றை 27 வரை இறக்கிக்கொள்கிறேன். டயர் தரையில் சற்று நீளமாகப் படிந்து, கற்களை உள்வாங்கிப் போகிறது. உடம்பில் அதிர்வும் குறைகிறது. மணலுக்கு இன்னும் இறக்கலாம். கூரான கற்கள் நிறைந்த பாதையில் அதிகம் இறக்குவது ஆபத்து, ஏனெனில் காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல்லுக்குத் தானே முகம் கொடுக்கும். குறைந்த காற்றில் 40-ஐத் தாண்டுவதில்லை. தார்ச்சாலை ஏறும் முன் சிறிய பம்பை மாட்டிப் பழைய அளவுக்குப் பிடித்துவிடுகிறேன். இந்த 16 மாதங்களில் அதே கற்களில், அதே ஓரங்களில் போய்வந்தும் பக்கச்சுவரில் இரண்டு மேலோட்டமான சிராய்ப்புகள் மட்டுமே விழுந்திருக்கின்றன.

பட்டன் இடுக்கில் சிக்கும் கற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மண் பாதைப் பயணத்துக்குப் பிறகும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு நான்கு டயர்களையும் சுற்றிவருவேன். பெரும்பாலும் பட்டாணி அளவுக் கூழாங்கற்கள்தான் வரும். ஒருமுறை பின்பக்க இடது டயரின் உள்வரிசையில் கறுப்பாக ஏதோ மின்னியது. நெம்பி எடுத்தபோது, நகத்தின் அளவுள்ள ஒரு கற்சில்லு, கூர்முனை கீழாகப் பள்ளத்தின் அடி ரப்பருக்குள் 2 மில்லிமீட்டர் வரை இறங்கியிருந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது எஃகுப் பட்டை வரை போயிருக்கும்.

தேய்மானம் திருப்தி தருகிறது. புதிதில் 9.8 மில்லிமீட்டர் இருந்த ஆழம் இப்போது 7. ஒவ்வொரு 8,000 கிலோமீட்டருக்கும் முன்பின் மாற்றிப் போட்டு, அலைன்மென்ட்டும் பார்த்துவிடுவதால் நான்கும் சமமாகத் தேய்கின்றன. தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருந்தாலும் மழைப்பிடிப்பைக் கருதி 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கில் இன்னும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கிறது.

உங்கள் மண் பாதை நன்கு கெட்டிப்பட்டது, கூரான கல் இல்லாதது என்றால், ஈரடுக்குப் பக்கச்சுவர் கொண்ட ஒரு ஹைவே டயரே போதும். மைலேஜையும் மழைப்பிடிப்பையும் இழக்கத் தேவையில்லை. சரளையும் கல்லும் கலந்த பாதை, மாதம் ஓரிரு முறையாவது போகவேண்டும் என்றால், கார் கட்டமைப்பிலான சாந்தமான ஆல்-டெரைனையே நான் மறுபடியும் வாங்குவேன். எதுவாயினும் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம்.

ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை எடுத்துவிட்டேன். பழைய டயர்களில் கிழியாமல் தப்பிய மூன்றில் நல்லதைத் தேர்ந்து, முழு அளவு ரிம் ஒன்று வாங்கி அதில் ஏற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். அளவு மாறாததால் விட்டமும் ஏறத்தாழ ஒன்றே. மண் பாதையின் கடைசி மூலையில் மாட்டவேண்டி வந்தாலும் முன்போல ஊர்ந்து வரவேண்டியதில்லை. மாதம் ஒருமுறை நான்கு டயர்களுக்கும் காற்றுப் பார்க்கும்போது, டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி அதற்கும் பார்த்துவிடுகிறேன்.